எச்.பி.வி. பரிசோதனை: புண் இருக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

குடியாத்தத்தில் பீடி சுற்றுபவரோ ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குப் போகிறவரோ, வேலூர் வந்து உடம்பைக் காட்ட ஒரு நாள் கூலியை விட வேண்டும். ஒரே டெஸ்டில் எல்லாம் தெரிந்துவிட வேண்டும் என்று அவர் நினைப்பது நியாயம்தான். ஆனால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. என்ற வைரஸைத் தேடும் பரிசோதனை அப்படிப்பட்டது அல்ல.

கர்ப்பப்பை வாயில் கட்டியோ, தொட்டால் ரத்தம் கசியும் புண்ணோ கண்ணுக்குத் தெரியும்போது, 'நெகட்டிவ்' என்ற தாளை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதுதான் இருப்பதிலேயே ஆபத்தான தவறு. இந்தப் பரிசோதனை தேடுவது வைரஸின் மரபணுவை. புற்று செல்லை அல்ல. புண் அழுகி ரத்தமும் சீழும் கலந்திருந்தால், மாதிரியில் போதிய செல்கள் கிடைக்காமல் போகலாம். வைரஸ் நம் மரபணுவோடு பிணையும்போது அதன் மரபணுவில் எல்1 எனப்படும் பகுதி சில சமயம் அறுந்து போகும். அந்தப் பகுதியை மட்டும் தேடும் பி.சி.ஆர். (மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) அப்போது கோட்டை விடும். எச்.பி.வி. இல்லாமலே வருகிற அரிய வகைப் புற்றும் உண்டு. எனவே சந்தேகமான புண்ணுக்கு, அதிலிருந்து சிறு சதைத்துண்டு எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் பதில் சொல்லும். எச்.பி.வி. முடிவு வரட்டும் என்று அதைத் தள்ளிப்போடக் கூடாது.

இன்னொரு அவசரம், 'புண்' என்றதும் கர்ப்பப்பையையே எடுத்துவிடச் சொல்வது. உட்புறச் சவ்வு வெளியே தெரிவதால் சிவந்து தோன்றுவதையும் புண் என்றே சொல்லிவிடுகிறார்கள். அது நோயே அல்ல. உண்மையிலேயே புற்றாக இருந்து, பயாப்சி பார்க்காமல் சாதாரண அறுவை சிகிச்சை செய்துவிட்டாலோ, பிறகு சிகிச்சை சிக்கலாகிவிடும்.

'பாசிட்டிவ்' என்றால் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. பெரும்பாலான தொற்றுகள் 2 ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும். வைரஸ் பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருக்கக்கூடியது என்பதால், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று எந்த டெஸ்டாலும் சொல்ல முடியாது. தாளைக் காட்டி வீட்டுக்காரரிடமோ மனைவியிடமோ வழக்கு நடத்துவது வீண். எந்த வகை என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி. கர்ப்பப்பை வாய்ப் புற்றில் ஏறக்குறைய 70 சதவீதத்துக்கு 16, 18 ஆகிய வகைகளே காரணம். அவை இருந்தால் வழக்கமாக நேரே கால்போஸ்கோபிக்கு (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனை) அனுப்புவார்கள். மருவை உண்டாக்கும் 6, 11 வகைகளைத் தேடிப் பணம் செலவழிப்பதில் பயனில்லை.

சின்ன விஷயங்களும் உண்டு. ரத்தம் எடுத்துப் பார்த்தால் இது தெரியாது. கர்ப்பப்பை வாயிலிருந்து பிரஷ்ஷால் செல் எடுக்க வேண்டும். மாதவிலக்கு நாட்களைத் தவிர்ப்பது நல்லது. கர்ப்பப்பை வாயில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையும் அன்றே நடப்பதானால், எச்.பி.வி. மாதிரியை முதலில் எடுத்துவிட வேண்டும்.

தானே மாதிரி எடுத்துக்கொடுக்கும் முறை தொந்தரவு எதுவும் இல்லாதவர்களுக்கு நல்ல வசதி. உலக சுகாதார நிறுவனமே அதை ஏற்கிறது. உறவுக்குப் பின் ரத்தம் படுகிறவரும், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம் கண்டவரும் அதை நம்பி இருந்துவிடக் கூடாது. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையோ வேறு எதுவோ, மகளிர் நோய்ப் பிரிவில் டாக்டர் நேரில் பார்த்தே ஆக வேண்டும்.