குறி சொல்லும் காட்சியை மேடையேற்றுகிறீர்களா? சறுக்கும் இடங்கள் இவை

நாடகப் பட்டறைகளில் 'தொல்குடி எதிர்காலவியம்' என்ற பேச்சு அடிபடுகிறது. வட அமெரிக்கத் தொல்குடியான அனிஷினாபே வழிவந்த ஆய்வாளர் கிரேஸ் டில்லன் பரப்பிய கருத்து அது. பழங்குடி என்றதும் முடிந்துபோன கதையாக எழுதாதே, நாளைக்கும் அவர்கள் இருப்பார்கள், அந்த நாளையை அவர்களே சொல்லட்டும் என்பதுதான் விஷயம். சரி, உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கியையும் புரொஜெக்டரையும் சேர்த்து மதுரைப் பக்கம் இதைச் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள். குறியை வெறும் எஃபெக்ட்டாக நினைத்துவிடுகிறார்கள்.

கோடாங்கி உடுக்கையை அடித்துத் தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போவதில்லை. 'உண்டா, இல்லையா?' என்று கேட்பார். எதிரே இருப்பவர் 'ஆமா சாமி' என்றால்தான் அடுத்த அடி. இல்லையென்றால் பேச்சு வேறு பக்கம் திரும்பும். முடிவில் ஒரு நிபந்தனையும் வரும்: நேர்ந்ததைச் செலுத்து, சரியாகும். இந்தக் கேள்வி பதிலை வெட்டிவிட்டு, பத்தடி முகத்தைத் திரையில் காட்டி, எதிரொலி போட்டு 'உலகம் அழியும்' என்றால் அது சாமி படத்து அசரீரிதான்.

குறியை எங்கே வைப்பது என்பதில் சிலப்பதிகாரம் எழுதிய இளங்கோவைப் பாருங்கள். மதுரைக்கே ஒரு பழைய குறி உண்டு. ஆடி மாதத் தேய்பிறை அட்டமி, வெள்ளிக்கிழமை, ஊர் எரியும், அரசும் கெடும் என்று 'உரையும் உண்டே' என்கிறது மதுரையின் காவல் தெய்வமான மதுராபதி. எப்போது சொல்கிறது? ஊர் பற்றி எரியும்போது. யாரிடம்? தீ வைத்த கண்ணகியிடமே! சஸ்பென்ஸுக்கு அங்கே இடமே இல்லை, ஆனாலும் கேட்கும்போது வயிறு கலங்குகிறது. நம் ஆட்களோ முதல் காட்சியில் குறியைச் சொல்லி, கடைசியில் 'பார்த்தாயா, நடந்துவிட்டது' என்று முடிக்கிறார்கள். நடுவில் ஒரு மணி நேரம் ஜனம் கொட்டாவி விடுகிறது.

அடுத்தது இரவல் கனவு. கனடாவில் கிரேட் பேர் ஏரிக்கரை டெனே மக்களிடம் ஒரு முன்னோர் கண்ட கனவு வழங்குகிறது. பாறைக்குள் ஆட்கள் போகிறார்கள், எதையோ எடுக்கிறார்கள், பெரிய பறவை ஒன்று அதைத் தூரத்து மக்கள்மேல் போடுகிறது. அந்த மக்களின் சாயலும் டெனே சாயல்தான். பின்னாளில் அங்கே வெட்டிய யுரேனியம் அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்குப் போனது. மூட்டை சுமந்தவர்களில் டெனே ஆட்களும் உண்டு. 1998இல் டெனே மக்களில் சிலர் ஹிரோஷிமாவுக்கே போய் மன்னிப்புக் கேட்டார்கள். கனடா நாடகாசிரியர் மாரி கிளெமென்ட்ஸ் 2002இல் இதை நாடகமாக்கினார்.

இதைப் படித்ததும் மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டி நினைவுக்கு வருவது இயல்பு. 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்த ஊர், 2024இல் டங்ஸ்டன் சுரங்க ஏலத்துக்குள் வந்தது, சுற்றுப்பட்டுக் கிராமங்கள் எதிர்த்து நின்றதும் 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அதற்காக அந்தப் பறவையைக் கொண்டுவந்து அரிட்டாபட்டிக் குன்றில் உட்கார வைக்காதீர்கள். அந்த ஊர்க் கிழவியிடம் ஐம்பது வருஷம் கழித்து இந்தக் கண்மாய் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். சதுரகிரி அடிவாரத்துப் பளியர் பழங்குடியினரின் பாட்டைப் போனில் பதிந்துவந்து கேட்காமல் பின்னணியில் ஓட்டுவதும் இதே ரகத் திருட்டு.

ஒன்று நான் பட்டு அறிந்தது. மேலூர்ப் பக்கம் ஓர் ஊர் மந்தையில் நிஜ உடுக்கை, பம்பைப் பதிவை ஸ்பீக்கரில் விட்டோம். மூன்றாம் நிமிஷம் முன்னால் இருந்த அம்மா ஒருவருக்கு அருள் வந்துவிட்டது. 'யாரைக் கேட்டுச் சாமியக் கூப்பிட்டீக?' என்றார் பெரியவர் ஒருவர். எங்களிடம் பதில் இல்லை. திருநீறு கொடுத்துச் சாமியை மலையேற்ற அரை மணி ஆனது. இப்போதெல்லாம் வேறு தாளம்தான் வாசிக்கிறோம், முன்கூட்டி ஊரில் சொல்லியும் விடுகிறோம்.

தொழில்நுட்பத்தில் இரண்டே விஷயம். முன்பக்கமிருந்து புரொஜெக்டர் போட்டால் நடிகர் நிழல் படத்தைத் தின்னும். தோற்பாவைக்காரர்கள்போலத் திரைக்குப் பின்னால் ஒளியை வையுங்கள். அப்புறம் நேரம். சித்திரை மாதத்தில் ஏழு மணிக்கு முன் திரையில் ஒன்றும் தெரியாது, இரவு பத்துக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். குறிக் காட்சியை ஒன்பதே முக்காலுக்கு வைத்துவிடாதீர்கள். கூட்டம் 'ஆமா சாமி' என்று பதில் சொல்ல ஆரம்பித்தால் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.