சிபிஆர் பயிற்சியில் ஹெட்செட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செவிலியர் கல்லூரி சிமுலேஷன் ஆய்வகத்தில் பல ஆண்டுகளாக சிபிஆரில், அதாவது இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்காக்கும் முறையில், பயிற்சி அளித்து வருகிறேன். கண்ணை மூடி மாட்டிக்கொண்டால் கணினிக் காட்சி சூழ்ந்து தெரியும் மெய்நிகர் ஹெட்செட்டைப் புதிதாக வாங்கிய ஆசிரியர்கள் அழைத்தால் போய்ப் பார்ப்பதுண்டு. அண்மையில் போன ஓரிடத்தில், தொடக்கத்தில் நான் செய்த தவறுகள் ஒன்றுவிடாமல் அரங்கேறிக்கொண்டிருந்தன. சார்ஜ் போட மறப்பதையும் வைஃபை கிடைக்காமல் தவிப்பதையும் இங்கே சொல்லப்போவதில்லை. அவை இரண்டாவது வகுப்பிலேயே தாமாகத் திருந்திவிடும்.

கை கற்க வேண்டியதைக் கண்ணுக்குக் கற்பிப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். இதைச் செய்தவர்களில் நானும் ஒருவன். பழைய மேனிகின்களுக்கு (மார்பை அழுத்திப் பழகும் பொம்மைகளுக்கு) ஸ்பிரிங் மாற்ற ஒதுக்கியிருந்த பணத்தை ஹெட்செட்டுக்குத் திருப்பிவிடலாம் என்று ஒரு கல்லூரியில் முன்மொழிந்ததே நான்தான்.

பெரியவர்களுக்கான சிபிஆரில் மார்பைக் குறைந்தது 5 செ.மீ. ஆழத்துக்கு, 6 செ.மீ.யைத் தாண்டாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும்; ஒவ்வொரு முறையும் மார்பு முழுமையாக மேலெழும்ப விட வேண்டும். சில வாரங்களிலேயே மாணவிகள் ஹெட்செட்டில் இதற்கெல்லாம் முழு மதிப்பெண் வாங்கினார்கள். பிறகு மேனிகின் ஒன்றை இரவல் வாங்கி வந்து, முதலிடம் பெற்ற மாணவியை அழைத்தேன். தோளைத் தட்டிக் கூப்பிட்டாள், மூச்சைப் பார்த்தாள், உதவிக்கு ஆள் அனுப்பினாள், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவியைக் கேட்டாள். வரிசையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அழுத்தத் தொடங்கிய பிறகு, சரியான ஆழத்தைத் தொட்டால் மேனிகின் எழுப்பும் அந்த ‘டிக்’ ஒலி ஒருமுறைகூட வரவில்லை. முழங்கைகள் மடிந்திருந்தன. நிமிர்ந்து பார்த்து, “இது இவ்வளவு கெட்டியா இருக்கும்னு தெரியாது சார்” என்றாள்.

அவள் மேல் குற்றமில்லை. அந்த மென்பொருள், கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் எவ்வளவு கீழே இறங்கியது என்பதை மட்டுமே அளந்தது. இரு கைகளிலும் கன்ட்ரோலர் இருக்கையில் ஒரு கையின் மேல் மறுகையைக் கோத்து வைக்க முடியாது. தோளிலிருந்து உடல் எடையை இறக்கினால் தாங்க ஒன்றுமில்லாமல் முன்னே விழ நேரும் என்பதால், உடல் தானாகவே முழங்கையை மடக்கக் கற்றுக்கொள்கிறது. அதை மறக்கடிக்க எங்களுக்கு ஒரு பருவம் பிடித்தது.

விற்க வருபவர்கள் 2002இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வை எடுத்துக்காட்டுவார்கள். அறுவை சிகிச்சைப் பயிற்சி மருத்துவர்கள் 16 பேரில் மெய்நிகர் பயிற்சி பெற்றவர்கள், லேப்ராஸ்கோப்பி முறையில் (சிறு துளைகள் வழியே கேமராவும் கருவிகளும் செலுத்தி) பித்தப்பையைப் பிரித்தெடுப்பதில் 29 சதவீதம் வேகமாக இருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அங்கே ஹெட்செட்டே கிடையாது. உண்மையான லேப்ராஸ்கோப்பியைப் போலவே கருவிப் பிடிகளைக் கையில் பிடித்து, திரையைப் பார்த்துப் பழகினார்கள். தேர்ந்த மருத்துவர்களின் அளவை எட்டும்வரை பயிற்சி நீடித்தது. கடைசியில் அவர்களை எடைபோட்டதும் அறுவை அரங்கில்தான், கணினி தந்த மதிப்பெண்ணால் அல்ல.

உறவினர்களின் கூச்சல், நெரிசலான வார்டு, யாரை முதலில் அழைப்பது என்ற குழப்பம் ஆகியவற்றுக்கு ஹெட்செட்டைப் போல வேறொன்றில்லை. அழுத்தத்துக்கு மட்டும் மேனிகின் வேண்டும். இப்போது நான் ஹெட்செட்டின் கேமரா வழியே உண்மை மேனிகின் தெரியும்படி வைத்து, சுற்றியுள்ள வார்டை மட்டும் மிகை மெய்ம்மையாகச் சேர்க்கிறேன்; கன்ட்ரோலர்கள் மேசையிலேயே கிடக்கின்றன.

உடல் அசையாமல் காட்சியை நகர்த்துவது

நகர்கிறோம் என்று கண் சொல்ல, உள்காதோ அசையாமல் நிற்கிறோம் என்கிறது. குமட்டல் அதன் விளைவு. ஒரு மாணவி குப்பைக்கூடையைத் தேடி ஓடிய பிறகு, நோயாளியின் அருகிலேயே தொடங்கும் காட்சிகளை மட்டும் தேர்ந்தெடுக்கிறேன். முதல் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் யாருக்கும் மாட்டுவதில்லை.

லென்ஸ் இடைவெளியைச் சரிசெய்யாமல் விடுவது

லென்ஸ்கள் கண்களின் இடைவெளிக்குப் பொருந்தாமல் மங்கலாகத் தெரிகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஒரே பஞ்சு, முப்பது முகங்கள்

ஹெட்செட்டில் முகம் படும் பஞ்சுக்கு, துடைக்கக்கூடிய சிலிகோன் உறை வாங்குங்கள்.

ஹெட்செட்டைக் கழற்றியதும் வகுப்பை முடிப்பது

ஒருத்தி மாட்டியிருக்கையில் மற்றவர்கள் கைபேசியில் மூழ்கிவிடுவார்கள். அவள் காண்பதைச் சுவர்த்திரையில் காட்டி, பார்ப்பதைக் குறிக்க ஆளுக்கொரு தாளைக் கொடுத்துவிடுகிறேன். கழற்றியதும் நான் மதிப்பெண்ணைப் படிப்பதில்லை. நோயாளி விழுந்ததிலிருந்து முதல் அழுத்தம் வரை எத்தனை விநாடி போயிற்று என்று முதலில் அவளிடமும், பிறகு தாளில் குறித்தவர்களிடமும் கேட்கிறேன். இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. மீதி வகுப்பு அந்த வேறுபாட்டைப் பற்றித்தான் நடக்கும்.