எம்.யு.எஃப். வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடாதீர்கள்

ஹெச்.எஃப். (சிற்றலை) வானொலிக்குப் புதிதாக வருபவர்கள் எம்.யு.எஃப். வரைபடத்தை, அதாவது வானில் அலையைத் திருப்பி அனுப்பும் அயனி மண்டலம் தாங்கும் மிக உயர்ந்த அதிர்வெண்ணைக் காட்டும் வரைபடத்தைத் திறந்ததும் தங்கள் ஊரைத்தான் முதலில் தேடுவார்கள். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் தொடங்குகின்றன. தொலைதூரத் தொடர்புக்குப் பார்க்க வேண்டியது அலை மடங்கும் இடத்தை.

3,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையத்தோடு பேச வேண்டும் என்று வையுங்கள். அயனி மண்டலத்தின் உயரமான எஃப்2 அடுக்கில் ஒரே தாவலில் போகும் அலை நடுவழியில், 1,500 கிலோமீட்டருக்கு அப்பால்தான் மடங்குகிறது. உங்கள் ஊருக்கு மேல் 22 மெகாஹெர்ட்ஸ், நடுப்புள்ளியில் 16 என்று வரைபடம் காட்டினால், 21இல் கூப்பிட்டுப் பயனில்லை, 14க்கு இறங்குங்கள். காலையில் மேற்கு நோக்கிப் பேசும்போது இது அடிக்கடி நடக்கும். இங்கே வெயில் ஏறியிருக்கும், நடுவழியில் அப்போதுதான் விடிந்துகொண்டிருக்கும். தூரம் 4,000 கிலோமீட்டரைத் தாண்டினால், இரு முனைகளிலிருந்தும் சுமார் 2,000 கிலோமீட்டர் உள்ளே புள்ளி வைத்து, குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வது வழக்கம்.

பக்கத்து ஊரோடு பேசுவதற்கும் இதே வரைபடத்தை நம்புவது இன்னொரு தவறு. அதில் இருப்பது பெரும்பாலும் 3,000 கிலோமீட்டருக்கான எம்.யு.எஃப். 200 கிலோமீட்டர் தொடர்புக்கு அலை கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பார்க்க வேண்டியது எஃப்2 அடுக்கின் மாறுநிலை அதிர்வெண் (நேர் மேலே அனுப்பினாலும் திரும்பி வரும் உச்ச அதிர்வெண்), அது வரைபட எண்ணில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அது 5 மெகாஹெர்ட்ஸாக இருக்கும்போது 7இல் கூப்பிட்டால் அலை பக்கத்து ஊரைத் தாண்டித் தொலைவில் போய் விழும். 3.5 பேண்டுக்குப் போங்கள்.

மேல் எல்லையை மட்டும் பார்த்தால் போதாது. பகலில் அயனி மண்டலத்தின் கீழ்ப்பகுதியான டி அடுக்கு அலையை உறிஞ்சும். அதிர்வெண் பாதியானால் இழப்பு டெசிபெலில் சுமார் நான்கு மடங்காகும். சூரியனில் பெரிய சுடர் வெடித்தால், எம்.யு.எஃப். வரைபடம் அழகாகவே இருக்க, பகல் பக்கம் முழுக்க ஹெச்.எஃப். செத்துவிடும். உறிஞ்சல் வரைபடத்தையும் பக்கத்தில் திறந்து வையுங்கள்.

அப்புறம், அந்த வழவழப்பான வண்ணங்கள். உலகில் அயனோசோண்ட் (மேல்நோக்கி அலை அனுப்பி அயனி மண்டலத்தை அளக்கும் கருவி) நிலையங்கள் குறைவு, கடல்களின் மேல் அநேகமாக இல்லை. இடைப்பட்டதெல்லாம் கணக்கில் நிரப்பியது. பூமியின் காந்த நடுக்கோட்டின் இருபுறமும் 15 பாகை வாக்கில் எழும் அடர்த்தி முகடுகளை இந்த நிரப்பல் எளிதில் தட்டையாக்கிவிடும். எனவே அருகிலுள்ள நிலையம் எது, அதன் அளவீடு எந்த நேரத்தது (அநேகமாக உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்கும்) என்று பாருங்கள். முடிந்தால் அந்தக் கருவி வரையும் படமான அயனோகிராமையே திறந்துவிடுங்கள். நல்ல பதிவில் கோடு மெல்லியதாக ஓடி, கடைசியில் செங்குத்தாக மேலேறும். நடுக்கோட்டுப் பகுதிகளில் இருட்டிய பிறகு அது புகைபோலப் பரவிக் கிடக்கும். அந்த வேளையில் மென்பொருள் தானாகப் படித்துத் தரும் எண்ணை நான் நம்புவதில்லை.

வோகேப் என்ற அலைப்பரவல் கணிப்பு மென்பொருள் தருவது மாத இடைநிலை. அதன் எம்.யு.எஃப். பாதி நாட்களில்தான் எட்டும். அதில் இன்றைய சூரியப்புள்ளி எண்ணைப் போடக் கூடாது, சீராக்கிய மாத எண்ணைத்தான் போட வேண்டும்.

எல்லாவற்றையும் காதால் சரிபார்க்க ஒரு வழி உண்டு. 14.100, 18.110, 21.150, 24.930, 28.200 மெகாஹெர்ட்ஸில் உலகெங்கும் 18 கலங்கரை (பீக்கன்) வானொலி நிலையங்கள் ஆளுக்குப் பத்து விநாடி என்று மூன்று நிமிடச் சுற்றில் ஒலிக்கின்றன. சில நேரம் ஒன்றிரண்டு ஓய்ந்திருக்கும். கேட்பதைக் குறித்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.