வீட்டு சோலார்: டிசி பக்கம் கை வைக்கும் முன்

போன மாதம் காரிமங்கலம் பக்கம் ஒரு மாடியில், தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் பேனல் ஒயரைச் சாதாரண எம்சிபியில் (வீட்டு மெயின் பெட்டியில் இருக்கும் டிரிப் சுவிட்ச்) முடுக்கிக்கொண்டிருந்தார். கேட்டதற்கு, "அதுவும் எம்சிபிதானேண்ணா?" என்றார். பல வருடங்களுக்கு முன் நானும் இதே தவறைச் செய்தவன். நிழல், தூசி எல்லாம் எல்லோருக்கும் தெரியும்; அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டு எம்சிபியை டிசியில் போடுவது

540 வாட் பேனல் ஆறை சீரிஸில், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக, இணைத்தாலே 300 வோல்ட்டை நெருங்கும். நம் வீட்டு ஏசி கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். எம்சிபியை இறக்கும்போது எழும் பொறி அந்த இடத்தில் அணைந்துவிடும். பேனலிலிருந்து வருவது டிசி, ஒரே திசையில் ஓடும் கரண்ட்; அதற்குப் பூஜ்யம் கிடையாது. பொறி நின்று எரியும். வெயில் இருக்கும்வரை பேனலை அணைக்கவும் முடியாது.

பாலக்கோட்டில் ஒரு வீட்டுக்கு, கையில் மிச்சமிருந்த வீட்டு எம்சிபியையே போட்டேன். மிச்சமானது சில நூறு ரூபாய். ஒரு நாள் உச்சிவெயிலில் அதை இறக்கினேன். பெட்டிக்குள் நீல வெளிச்சம். பிளாஸ்டிக் உருகி ஒழுகுகிறது. மாடிக்கு ஓடி, பேனல்களைத் தார்ப்பாயால் மூடிய பிறகுதான் அடங்கியது. அந்த வீட்டு அம்மா பேரக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. டிசியை ஏசியாக மாற்றும் இன்வெர்ட்டரை என் கைக்காசில் மாற்றிக் கொடுத்தேன்.

இன்றைக்கும் பெட்டியைத் திறந்து இதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. வாங்கும் நீங்களே திறந்து பாருங்கள். பிரேக்கர் (எம்சிபி) மேல் டிசி என்றும் வோல்ட் அளவும் அச்சாகியிருக்க வேண்டும். பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அதன்படியே ஒயர் போக வேண்டும். மாறினால் டிசி பிரேக்கரும் பொறியை அணைக்காது. அப்புறம், பேனல் பின்னால் எழுதியிருக்கும் வோல்ட் 25 டிகிரிக்கானது. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் மார்கழிக் காலைக் குளிரில் அது இன்னும் ஏறும். பிரேக்கரின் வோல்ட் கணக்கில் அதற்கும் இடம் விடுங்கள்.

கனெக்டர்

பேனல் ஒயர்களைச் சேர்க்கும் கனெக்டரில், ஒரு கம்பெனி ஆணில் இன்னொரு கம்பெனி பெண்ணைச் சொருகினால் சரியாக உட்கார்ந்தது போலத்தான் இருக்கும். உள்ளே சூடேறும். ஓடும்போது பிடுங்கவே கூடாது: முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், பிறகு டிசி சுவிட்ச், அதன் பின்தான் கனெக்டர்.

எர்த்

இடிதாங்கிக்குத் தனி எர்த் குழி. பாறை என்று சாக்குச் சொன்னால் விடாதீர்கள்.

ஆடிக் காற்று

பேனல் ஸ்டாண்டுக்குச் செங்கல் பாரம் போதாது. தளத்தோடு போல்ட்.

கரண்ட் போனால்

பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் சோலாரும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். கரண்ட் இல்லாதபோதும் வேண்டுமென்றால் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மானியம்

வீட்டு சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யகர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய். பேனலும் அதன் செல்லும் இந்தியாவில் செய்தவையாக இருக்க வேண்டும். முன்பணம் கொடுக்கும் முன் பில்லில் அதை எழுதி வாங்குங்கள்.