பெங்களூரு ஸ்ப்ளெண்டருக்கு மதுரை நம்பர் வாங்கியது

தம்பி பெங்களூருல வாங்கிக் கொடுத்த பழைய ஸ்ப்ளெண்டர். 12 மாசத்துக்கு மேல வெளிமாநில நம்பரோட இங்க ஓட்டக்கூடாது, மறுபதிவு செஞ்சே ஆகணும்.

முதல் வேலை, வண்டி பதிவான ஆர்டிஓ ஆபீஸ்ல என்ஓசி, அதாவது தடையில்லாச் சான்று வாங்குறது. அதுக்குப் படிவம் 28. வித்தவர் கையெழுத்து இல்லாம நகராது. பணம் கொடுக்கும்போதே 28, பேர் மாத்துறதுக்கான 29, 30 மூணு படிவத்துலயும் கையெழுத்து வாங்கிடுங்க. நான் விட்டுட்டு, ஒரு கையெழுத்துக்காக மறுபடி ராத்திரி பஸ் ஏறினேன். வண்டி மேல கடன் இருந்திருந்தா, அது முடிஞ்சதைக் காட்டுற படிவம் 35-ம் வேணும்.

படிவத்துக்காக, வண்டிச் சட்டத்துல பொறிச்சிருக்கிற சேஸிஸ் நம்பரைப் பென்சில்ல தேய்ச்சு எடுக்கணும். ஹேண்டில்பாருக்குக் கீழ, கழுத்துக் குழாய்ல இருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால அழுக்கைத் துடைச்சு, நல்லாக் காய்ஞ்ச பிறகு தாளை வெச்சுத் தேய்ங்க. ஈரம் இருந்தா எழுத்து மங்கிடும். ஒவ்வொரு எழுத்தையும் ஆர்சியோட (பதிவுச் சான்று) ஒத்துப் பாருங்க.

மதுரையில மூணு ஆர்டிஓ ஆபீஸ்: தெற்கு TN 58, வடக்கு TN 59, மத்தி TN 64. உங்க முகவரி எதுல வருதோ அங்கதான் என்ஓசி, ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று, முகவரிச் சான்றோட, புது நம்பர் கேக்குற படிவம் 27 கொடுக்கணும். வண்டியையும் கொண்டு போகணும், ஆய்வாளர் பார்ப்பார். தமிழ்நாட்டு வரியை வண்டியோட வயசைப் பார்த்துப் போடுவாங்க. புது ஆர்சி வந்ததும் அதோட நகலை வெச்சு, கர்நாடகாவுல கட்டின ஆயுள் வரியில மிச்சத்தைத் திருப்பிக் கேளுங்க. அது உங்க காசு, விடாதீங்க.