டர்பனிலிருந்து ஈஸ்ட் லண்டன் வரை: பாய்மரப் படகின் பழுதுகளைக் கையாளும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து கரையோரமாகத் தென்மேற்கே செல்லும் பாய்மரப் படகுக்கு, ஈஸ்ட் லண்டன் வரையிலான ஏறத்தாழ 250 கடல் மைலில் ஒதுங்கிப் பழுது பார்க்கத்தக்க துறைமுகம் ஒன்றுகூட இல்லை. வரைபடத்தில் போர்ட் செயின்ட் ஜான்ஸ் துறைபோலத் தோன்றினாலும், அங்குள்ள ஆற்றுமுகத்தை மணல்திட்டு அடைத்து நிற்பதால் அதை நம்பிப் புறப்படக் கூடாது. டர்பன் விரிகுடாவிலுள்ள சாலிஸ்பரித் தீவில் குடியிருந்து வலைவீசிய முன்னோரின் காலந்தொட்டு அந்த விரிகுடா தென்னாப்பிரிக்க இந்தியரான நம்மவர்க்குப் பழகிய நீர்தான். ஆனால் அதன் வாயைத் தாண்டியதும் கடலின் இயல்பு முற்றிலும் மாறிவிடுகிறது. ஆகவே, எந்தப் பழுதைத் துறையிலேயே முடித்தாக வேண்டும், எதை வழியில் தற்காலிகமாகச் சமாளிக்கலாம் என்று பிரித்துக்கொள்வதே பயணத்தின் முதல் வேலை.

இதைத் தீர்மானிப்பது அகுல்காஸ் நீரோட்டம். அது தென்மேற்கு நோக்கிச் சில இடங்களில் 4 நாட் (மணிக்கு 4 கடல் மைல்) வேகத்தையும் தாண்டி ஓடுவதால், வடகிழக்குக் காற்றும் சேர்ந்துகொண்டால் படகை விரைவாகக் கொண்டுசேர்த்துவிடும். அதே நீரோட்டத்தை எதிர்த்துத் தென்மேற்குக் காற்று பலமாக வீசும்போதோ, அலைகள் நெருங்கிச் செங்குத்தாக எழுந்து பெருங்கப்பல்களையே உடைத்துவிடும். 1909 ஜூலையில் டர்பனிலிருந்து கேப் டவுனுக்குப் புறப்பட்ட வாரட்டா என்னும் நீராவிக் கப்பல் 211 பேருடன் இந்தக் கடலில் மறைந்தது. தென்மேற்குக் காற்று வீசி ஓயும்வரை துறையிலேயே காத்திருந்து, காற்றழுத்தமானியின் ஏற்றம் நின்று காற்று தணிந்ததும் புறப்படுவதே இங்கு நெடுங்காலமாகக் கடைப்பிடிக்கப்படும் வழக்கம். அடுத்த தென்மேற்குக் காற்று எதிர்பார்த்ததற்கு முன்னரே வந்துவிட்டால், 200 மீட்டர் ஆழக்கோட்டை ஒட்டிய வேகமான நீரை விட்டு விலகி, 100 மீட்டருக்குக் குறைந்த ஆழமுள்ள கரைப்பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். ஆனால் கரையில் மோதும் அளவுக்கு நெருங்கிவிடலாகாது.

அந்தக் காத்திருப்பு நாட்களே பழுது பார்க்கும் நாட்கள். பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்கள் ஒவ்வொன்றின் கீழ்முனையையும் துணியால் துடைத்து விரலாலும் பூதக்கண்ணாடியாலும் சோதியுங்கள். உலோகக் குழலுக்குள் வடம் நுழையும் இடத்தில்தான் இழைகள் முதலில் அறுபடும். ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த வடத்தை மாற்றாமல் புறப்படுவதை நான் ஏற்கமாட்டேன். டீசல் தொட்டியின் அடியில் தங்கியுள்ள கசடையும் நீரையும் வெளியேற்றிவிடுங்கள். துறையில் அமைதியாகக் கிடக்கும் கசடு, கடல் குலுக்கும்போது கலங்கி ஃபில்டரை அடைத்து, எஞ்சின் மிகவும் தேவைப்படும் நேரத்தில் அதை நிறுத்திவிடும். மாற்று ஃபில்டர்கள், குளிர்நீர்ப் பம்புக்கான இம்பெல்லர் (நீரைத் தள்ளும் இறகுச் சக்கரம்), பெல்ட் ஆகியவை கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கடல்நீர் வரும் ஒவ்வொரு வால்வின் அருகிலும், அது உடைந்தால் துளையை அடைப்பதற்காக, அதன் அளவுக்கேற்ற மரக்கூம்பு ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

வழியில் வடம் அறுந்தால், சிந்திக்க நேரமில்லை: படகை உடனே மறுபக்கத்துக்குத் திருப்பி, அறுந்த வடம் காற்று மறைவான பக்கத்தில் அமையுமாறு செய்யுங்கள். பிறகு, பாயை ஏற்றும் உபரிக் கயிறொன்றை வடத்தின் கீழ்முனை பொருத்தப்பட்டிருந்த உலோகப் பட்டையில் இறுகக் கட்டி, டைனீமா என்னும் மிக வலுவான செயற்கை இழைக் கயிற்றைப் பலமுறை சுற்றி வலுவூட்டிப் பாயைக் குறைத்துக்கொண்டு செல்லலாம். பாயின் கீழ்ப்பகுதி கிழிந்திருந்தால், ரீஃப் எடுத்து, அதாவது பாயின் கீழ்ப்பகுதியை மடித்துக் கட்டி, அந்த இடத்தை மடிப்புக்குள் அடக்கிவிடுவதே போதும். மேலே கிழிந்திருந்தால் பாயை இறக்கி, உப்பை நன்னீரால் கழுவி, உலர்த்தி, ஸ்பிரிட்டால் துடைத்து, இருபுறமும் ஒட்டுநாடாவை ஓரங்கள் வட்டமாக இருக்குமாறு வெட்டி ஒட்டி, விளிம்பைத் தைக்க வேண்டும். உப்பு படிந்த துணியில் நாடா நிலைக்காது.

சுக்கான் சக்கரத்தின் கம்பி அறுந்தால் பயன்படுத்துவதற்காக அவசரக் கைப்பிடி ஒன்று, சக்கரம் உள்ள பெரும்பாலான படகுகளில் இருக்கும். அதை விரிகுடாவிலேயே ஒருமுறையேனும் பொருத்தி ஓட்டிப் பாராமல் புறப்படாதீர்கள். தானியங்கிச் சுக்கான் நேரடியாகச் சுக்கான் தண்டில் இணைக்கப்பட்டிருந்தால், கம்பி அறுந்த பின்னும் அது படகைச் செலுத்தும்.

எஞ்சின் சூடேறினால், முதலில் வெளியேற்றுக் குழாயில் நீர் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையெனில் எஞ்சினை நிறுத்தி, நீர் வால்வை மூடி, இம்பெல்லரைக் கழற்றுங்கள். அதன் இறகுகளில் குறைவது எதுவாயினும் துண்டைத் தேடி எடுத்தாக வேண்டும்; இல்லையேல் அது குளிர்விப்பான் குழாய்களில் சிக்கி, புதிய இம்பெல்லரையும் பயனற்றதாக்கிவிடும். ஃபில்டர் மாற்றிய பிறகு எரிபொருள் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றும் முறையை உங்கள் எஞ்சினின் கையேட்டைப் பார்த்துக் கரையிலேயே செய்து பழகுங்கள்.

நிலைமை கைமீறுமுன்னரே அவசர அழைப்புக்கான விஎச்எஃப் வானொலியின் 16ஆம் அலைவரிசையில் பேசத் தயங்காதீர்கள். தன்னார்வலர்களால் இயங்கும் தேசியக் கடல் மீட்பு நிறுவனம் 1967 முதல் இக்கரையில் உதவி வருகிறது. முன்கூட்டியே இருப்பிடத்தைத் தெரிவித்த படகை அவர்கள் விரைவில் கண்டடைவார்கள்.

ஈஸ்ட் லண்டன் துறைமுகம் பஃபலோ ஆற்றுக்குள் அமைந்துள்ளது. நுழையுமுன் துறைமுகக் கட்டுப்பாட்டை அழைத்து அனுமதி பெறுங்கள். இயன்றவரை பகலில் நுழையுங்கள். உள்ளே சேர்ந்ததும், வழியில் குறித்துவைத்த பட்டியலின்படி, கயிற்றால் கட்டியவை, நாடாவால் ஒட்டியவை அனைத்தையும் முதலில் நிரந்தரமாகச் சீர்செய்யுங்கள். அடுத்துச் சேர வேண்டிய க்கெபெர்ஹா (முன்னர் போர்ட் எலிசபெத்) இன்னும் ஏறத்தாழ 130 கடல் மைல் தொலைவில் உள்ளது. அதற்கான காற்று வருமுன் இந்த வேலை முடிந்திருக்க வேண்டும்.