எக்ஸ்ரே படங்களை நோயாளிவாரியாகப் பிரியுங்கள்

முனைவர் பட்ட ஆய்வின் முதல் வருடம் எக்ஸ்ரே பார்த்து நோயைக் கண்டுபிடிக்கும் என் கணினி மாடல் சோதனையில் மதிப்பெண்களை அள்ளிக் குவித்தது. அப்புறம்தான் பார்த்தேன்: ஒரே நோயாளியின் எக்ஸ்ரேக்கள் மாடலுக்குப் பயிற்சி தந்த படங்களிலும் அதைச் சோதித்த படங்களிலும் கலந்து கிடந்தன. மாடல் நோயைவிட ஆளைத்தான் அடையாளம் கண்டிருக்கிறது.

அதனால் படத்தை வைத்துப் பிரிக்காதீர்கள், நோயாளி எண்ணை வைத்துப் பிரியுங்கள். செஸ்ட்எக்ஸ்ரே14 என்ற நெஞ்சு எக்ஸ்ரே தொகுப்பில் படங்கள் 1,12,120. நோயாளிகள் 30,805 பேர்தான். ஒருவருடைய படங்கள் எல்லாம் ஒரே பக்கம் போகட்டும்.

சரி, பயிற்சி முடிந்ததும் மாடல் சரியாகச் சொன்ன படங்களையும் திறந்து பாருங்கள். நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்ததாக அது கண்டுபிடித்த படங்கள் பலவற்றில், விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது. சிகிச்சைக்காக ஏற்கெனவே போட்ட குழாய் அது. மாடல் நோயைப் பார்க்காமல் குழாயைப் பார்த்தே சொல்லியிருக்கலாம். குழாய் இல்லாத நோயாளிகளுக்குத் தனியாக மதிப்பெண் கணக்கிடுங்கள்; உதவி தேவைப்படுவது அவர்களுக்குத்தான்.